கீழ்வீட்டு ஃபேன்

லேக் கார்டன்ஸில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு மின்சாரம் இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று மின்சாரக் கம்பெனியின் கரண்ட். அது இருக்கும்வரை யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். மற்றொன்று ஜெனரேட்டர் லைன். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், தெருவுக்கு ஒருவராவது டீசல் ஜெனரேட்டர் வாங்கிப் போட்டு, மொட்டைமாடிகளின் மேலாக ஒயர் இழுத்து, லோட்ஷெடிங் என்ற மின்வெட்டு நேரத்தில் வீடுவீடாகக் கரண்ட் விற்றுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கொடுத்தவர் இனிப்புக் கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகைக்காரர். அவருடையது பாயிண்ட் ரேட்: ஒரு பல்புக்கு மாதம் இவ்வளவு, ஒரு ஃபேனுக்கு இவ்வளவு. அந்த பல்புக்கும் ஃபேனுக்கும் அவருடைய மஞ்சள் ஒயர் ஜன்னல் வழியாகத் தனியே வரும். வீட்டு ஒயரிங்கோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்த வருடம் மே மாதம் பக்கத்துத் தெருவில் புதிதாக ஒருவர் தொடங்கினார். அவருடையது லோடு ரேட். பாயிண்ட் கணக்கே கிடையாது. இவ்வளவு ஆம்பியர் என்று ஒரு ஃப்யூஸ் போட்டுவிடுவார். அதற்குள் நாங்கள் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்: ஒரு ஃபேன், இரண்டு ட்யூப்லைட், மனம் வந்தால் டிவி. கேட்கும்போது மலிவாகத்தான் தெரிந்தது. ஆனால் கேட்டதை நம்பி மாறுகிறவள் இல்லை நான். கல்லூரி நாட்களிலிருந்தே என்னிடம் ஒரு நோட்டு உண்டு. முதல் மழை எந்தத் தேதி, பால் பூத்தில் எந்தத் தேதியில் விலை ஏறியது, மதராஸ் மெயில் எத்தனை மணி தாமதம் என்று எல்லாம் அதில் ஏறும். காலையில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை, ஒரு மணிக்கு வீடு. பொதுத்துறை அலுவலகத்தில் இருந்த கணவர் மாதத்தில் பாதி நாள் டூர். நேரம் இருந்தது. மே மாதம் முழுக்க, நான் வீட்டிலிருந்த நேரத்து லோட்ஷெடிங் ஒவ்வொன்றும் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது முடிந்தது, கொட்டகைக்காரரின் லைன் எத்தனை நிமிடம் கழித்து வந்தது என்று எழுதினேன். புதியவரிடம் வாங்கும் எதிர்வீட்டம்மாவைக் கேட்டு இன்னொரு பத்தி போட்டேன்.

"பரீட்சைக்கா படிக்கறே? இருபது ரூபா வித்தியாசத்துக்கு நாப்பது ரூபா நோட்டைத் தீர்த்துட்டே," என்றார் கணவர்.

புதியவரே மலிவு என்று வந்தது. ஜூன் எட்டாம் தேதி, திங்கட்கிழமை, மாறினோம்.

இங்கே வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு தள வீடு. மேலே நாங்கள். கீழே வீட்டுக்காரர்கள், வயதான வங்காளித் தம்பதி. அவரை மேஷோமஷாய் என்றும் அவர் மனைவியை மாஷிமா என்றும் அழைப்போம், நம் ஊரில் சித்தப்பா, சித்தி என்பதுபோல. மாடிப்படிக்கு அடியில் இரும்புப் பெட்டிக்குள், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக, கைப்பிடி வைத்த மெயின் ஸ்விட்ச். அதன் மேல், ஒன்றை ஒன்று தோளால் இடித்துக்கொண்டு நிற்பதுபோல, இரண்டு மீட்டர்கள். இடது பக்கம் அவர்களுடையது, வலது பக்கம் எங்களுடையது.

மேஷோமஷாய்க்கு ஒரு வழக்கம் இருந்தது. கரண்ட் போன அடுத்த நிமிடம் வந்து மெயினைக் கீழே இழுத்துவிடுவார். கரண்ட் திரும்பிப் பத்து நிமிடம் கழித்துத்தான் மேலே தூக்குவார். ஒரு முறை கரண்ட் திரும்பும்போது எகிறிக் குதித்து அவருடைய ஃப்ரிட்ஜை எரித்துவிட்டதாம். அந்த நேரத்தில் மாஷிமா ஒவ்வோர் அறையாகப் போய் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட வேண்டும். இந்த ஒத்திகை பல வருடமாக நடந்தது.

அந்த மார்ச் மாதம், ஒரு பிற்பகலில், மேஷோமஷாய் முன்னறையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்தார். அரை மணியில் கரண்ட் போயிற்று. மெயினை இழுக்க அவர் வரவில்லை. மாஷிமா போய்ப் பார்த்தபோது ஃபேன் நின்றிருந்தது, அவரும்.

அதற்குப் பிறகு மெயின் வேலை என் பொறுப்பாயிற்று. கொடுத்தது யாருமில்லை, நானே எடுத்துக்கொண்டேன். மாஷிமா தன் பங்கைத் தொடர்ந்து செய்தார். எல்லா ஸ்விட்சையும் அணைப்பார், ஒன்றைத் தவிர. முன்னறை ஃபேன் ஸ்விட்ச் மேஷோமஷாய் போட்டபடியே இருக்க வேண்டும், யாரும் தொடக் கூடாது என்று காரியம் முடிந்த அன்றே சொல்லிவிட்டார். கரண்ட் இருக்கும்வரை அந்த ஃபேன், வெள்ளை விரிப்பு போட்ட காலிக் கட்டிலின் மேல் பகல் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் நிற்கும்.

பெஹாலாவிலிருந்த மகள், துர்கா பூஜைக்கு முன் அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போவதாக முடிவு செய்திருந்தாள். மாஷிமாவும் சரி என்றுவிட்டார். கூடத்தில் ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்துப் போட்டுத் துணி அடுக்கத் தொடங்கியிருந்தார். அவர் போனால் வீடு பில்டரிடம் போகும், நாங்கள் வேறு இடம் பார்க்க வேண்டும். சால்ட் லேக்கில் விசாரிக்க ஆரம்பித்திருந்தோம்.

புதிய ஜெனரேட்டர்காரரின் ஆள் ஒயர் இழுக்க வந்த அன்று, எங்கள் போர்டில் நேரடியாகச் சேர்ப்பதானால் ஒரு சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் வைக்க வேண்டும் என்றார். கம்பெனிக் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் சந்திக்காமல் பார்த்துக்கொள்கிற ஸ்விட்ச். அதற்குத் தனியாகக் காசு. லோட்ஷெடிங்கின்போது கீழே மெயினையே இழுத்துவிடுவோம் என்று பேச்சுவாக்கில் நான் சொன்னேன்.

"தவறாமலா, போவ்தி?" என்றார், அண்ணி என்று கூப்பிடுவதுபோல.

"ஒருநாள்கூடத் தவறினதில்லை. எழுதியே வச்சிருக்கேன்."

"அப்போ சேஞ்ச்ஓவர் எதுக்கு? நீங்கதானே சேஞ்ச்ஓவர்," என்று சிரித்துக்கொண்டே ஒரு சின்ன ஸ்விட்சை வைத்து, லைனை எங்கள் போர்டில் முடுக்கிவிட்டுப் போனார். முதலில் மெயினை இறக்கு, பிறகு இதை ஏற்று. கரண்ட் வந்ததும் முதலில் இதை இறக்கு, பிறகு மெயினை ஏற்று. மிச்சமான தொகையை அன்றே அட்டவணையில் சேர்த்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மெயினை இறக்கும்போதும் ஏற்றும்போதும் எங்கள் மீட்டரைக் குறித்துக்கொள்வது என் பழக்கம். நடுவில் மீட்டர் ஓடாது, ஆகவே இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருக்கும். அதனால் இரண்டாவதை எழுதுவதில் அர்த்தமே இல்லை. இருந்தாலும் எழுதுவேன்.

ஜூன் பதினொன்று, வியாழக்கிழமை. பிற்பகல் ஒன்று ஐம்பதுக்குப் போன கரண்ட் ஐந்தேகாலுக்கு வந்தது. இறக்கியபோது கடைசியிலுள்ள சிவப்பு எண் 6. ஏற்றும்போது 4.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். 4. மூன்றரை மணி நேரத்தில் மீட்டர் இரண்டு புள்ளி குறைந்திருந்தது. நாம் செலவழித்ததை வீடு திருப்பிக் கொடுக்குமா? முதலில் எழுதியதுதான் தப்பு, 4-ஐத்தான் 6 என்று பார்த்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரப்பரால் 6-ஐ அழித்து 4 என்று எழுதினேன். அத்தனை வருடத்தில் நோட்டில் நான் எதையும் அழித்ததில்லை, தப்பிருந்தால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் எழுதுவேன். அன்று அழித்தேன். எண் குறையாது என்பது எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை மறுபடியும் ஒரு புள்ளி குறைந்தது. மறுபடியும் அழித்தேன்.

அந்த வாரம் மாஷிமா மேலே வந்தார். அவர் படியேறி வருவது அபூர்வம். வெள்ளைப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெஹாலாவுக்குப் போகவில்லை என்று மகளிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தி, முன்னறை ஃபேன் இப்போதெல்லாம் கரண்ட் போனாலும் சுற்றுகிறது என்றார்.

கரண்ட் போனதும் நிற்கிறதாம். தெருவில் ரேடியோ, பம்பு, எல்லாம் அடங்கிப்போகிறது. ஸ்விட்சுகளை அணைத்துவிட்டு அவர் முன்னறைக்கு வந்து உட்காருகிறார். சில நிமிடம் கழித்து இறக்கை லேசாக அசைகிறது. பிறகு மெல்ல, வழக்கத்தைவிட மெதுவாக, சுற்றத் தொடங்குகிறது. விரிப்பின் ஓரம் படபடக்கிறது.

"நான் பயப்படலே, போமா," என்றார். வங்காளத்தில் அவர் சொன்னதைத்தான் தமிழில் எழுதுகிறேன். மருமகளைக் கூப்பிடுவதுபோல என்னை அவர் போமா என்றுதான் அழைப்பார். "இப்படி இருக்கும்போது நான் எப்படிக் கிளம்பறது, சொல்லு."

பிற்பகல் மூன்று மணி. வெளியே கண் கூசும் வெயில். அவர் இறங்கிப் போன பிறகு கீழ்வீட்டுச் சத்தம் ஒவ்வொன்றும் என் காதில் விழத் தொடங்கியது. கணவர் டூரில் பிலாயில் இருந்தார். நான் படித்த பேய்க்கதைகள் எதிலும் பேய் இவ்வளவு அடக்கமாக, ஒரு ஃபேனை மட்டும் சுற்றிவிட்டுப் போனதில்லை.

ஜூன் இருபத்து நான்கு, புதன்கிழமை, இரண்டு பத்து. கரண்ட் போயிற்று. மெயினை இறக்கினேன், மேலே வந்து ஜெனரேட்டர் ஸ்விட்சை ஏற்றினேன். எங்கள் ஃபேன் சுற்றியது. அன்று ஏனோ உட்காரத் தோன்றவில்லை. மறுபடி கீழே இறங்கினேன். படிக்கு அடியில் இருட்டாக இருந்தது, டார்ச் எடுத்துப் போயிருந்தேன்.

மெயின் கைப்பிடி கீழேதான் இருந்தது. தெருவில் எந்தச் சத்தமும் இல்லை. எங்கள் மீட்டரின் கண்ணாடிக்குள் இருக்கும் அலுமினியத் தட்டின் விளிம்பில் ஒரு கறுப்பு அடையாளம் உண்டு. எப்போதும் அது இடமிருந்து வலமாகப் போகும். அது வலது ஓரத்தில் தோன்றியது. மெதுவாக, மிக மெதுவாக, இடது பக்கம் நகர்ந்து மறைந்தது. நிமிடத்துக்கும் மேல் காத்திருந்தேன். மறுபடி வலது ஓரத்தில் தோன்றியது.

டார்ச்சைப் பக்கத்து மீட்டருக்குத் திருப்பினேன். மாஷிமாவின் தட்டு இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தது. அதே வேகம். கரண்டே இல்லாத வீட்டில் இரண்டு தட்டுகளும் ஒன்றுக்கொன்று முகத்தைக் காட்டாமல் எதிரெதிராகச் சுற்றின. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. நேரத்தைக் குறிக்க மறந்த ஒரே சந்தர்ப்பம் அது.

பயத்தைவிட எனக்குள் பலமாக இருந்தது சந்தேகம்தான். மேலே போய் ஜெனரேட்டர் ஸ்விட்சை இறக்கினேன். எங்கள் ஃபேன் நின்றது. கீழே மாஷிமாவின் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. யாரிடமோ ஏதோ கேட்பதுபோல இருந்தது.

ஸ்விட்சை ஏற்றினேன். குரல் அடங்கியது.

காகிதத்தில் ஒரு படம் போட்டதும் விளங்கிவிட்டது. மெயினை இறக்கினால் வீடு தெருவிலிருந்துதான் பிரிகிறது. இரண்டு மீட்டர்களும் மெயினுக்கு உள்பக்கம் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. எங்கள் போர்டில் ஏறிய ஜெனரேட்டர் கரண்ட், எங்கள் மீட்டர் வழியாகப் பின்னோக்கி இறங்கி, அவர்கள் மீட்டர் வழியாக முன்னோக்கி ஏறி, கீழ்வீட்டில் அணைக்கப்படாத ஒரே ஸ்விட்சைத் தேடிப் போயிருக்கிறது. ஃபேனைச் சுற்றியது நான்தான். பதினேழு நாளாக.

கணவர் வெள்ளிக்கிழமை வந்தார். படத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். "ஆவிக்கு நாம பில்லு கட்டிட்டிருக்கோம்," என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சொல்லாதே. விட்டுடு," என்றார். அந்த அம்மாவுக்கு அது ஆறுதல். தவிர, அவர் இங்கே இருக்கும்வரை நமக்கும் வீடு இருக்கிறது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

எனக்கும் அப்படி இருக்க ஆசைதான். ஆனால் அந்தத் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் இருந்த ஒரு பழக்கம் மாஷிமாவுக்கும் உண்டு. ஸ்விட்ச் போர்டுகளை லோட்ஷெடிங் நேரத்தில்தான் துடைப்பார்கள். கரண்ட் இல்லையே, ஷாக் அடிக்காதே என்று ஈரத்துணியால், சோப்பு போட்டு. சமையலறையில் அவர் வீட்டு போர்டின் மூடி உடைந்து தகடு வெளியே தெரியும். அதை அவர் துடைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

"அவங்க கை அதுல பட்டா?" என்று கேட்டேன்.

அன்று மாலையே எலெக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை காலை சேஞ்ச்ஓவர் வைத்தாயிற்று. சொல்லாமல் விட்டால், அடுத்த லோட்ஷெடிங்கில் ஃபேன் நின்றுவிடும். மேஷோமஷாய் போய்விட்டார் என்று மாஷிமா நினைத்துக்கொள்வார். இரண்டாவது முறையும் ஒருவரை அப்படி இழக்க விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

மாஷிமா கவனமாகக் கேட்டார். படத்தில் விரலை வைத்து, இது உன் மீட்டரா, இது என்னுடையதா என்று கேட்டுக்கொண்டார். என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. முகம் மாறவும் இல்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இனிமேல் கரண்ட் போனால் ஃபேன் சுற்றாதா? சுற்றாது என்றேன். தலையை ஆட்டினார். ஈரத்துணி விஷயத்தைச் சொன்னதற்கும் தலையை ஆட்டினார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு மேலே வந்தேன். இனி அவர் பெஹாலாவுக்குப் போவார் என்றும் நினைத்தேன்.

திங்கட்கிழமை, பிற்பகல் இரண்டரை. கரண்ட் போனது. மெயினை இறக்கிவிட்டுத் திரும்பியபோது, முன்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒரு சத்தம்: ஓலை எதிலோ உரசி எழுவது போல, ஒரே சீராக.

மாஷிமா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பனையோலை விசிறி. அதைத் தனக்கு வீசிக்கொள்ளவில்லை. கட்டிலின் தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை, விரிப்பின் மேலாக, நிதானமாக வீசிக்கொண்டிருந்தார். ரவிக்கை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. காலியான தலையணையின் மேல் ஒரு கணம் நிறுத்தி, வீச்சைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி நகர்த்தினார். பழக்கப்பட்ட கை.

நான் நிற்பதைப் பார்த்தார். விசிறுவதை நிறுத்தவில்லை.

"நேத்து மூணரை மணி நேரம் கரண்டை நிறுத்தி வச்சுட்டான், போமா. கை விழுந்துபோச்சு."

அன்று விளக்கியது புரியவில்லையோ என்று நினைத்துக்கொண்டு, ஃபேனைச் சுற்றியது ஜெனரேட்டர்தான், வேறு யாரும் இல்லை என்று மறுபடி தொடங்கினேன்.

"அது புரிஞ்சுது. அவர் சுத்தினார்னு நான் எப்போ சொன்னேன்? அவருக்கு ஒரு ஸ்க்ரூ திருகத் தெரியாது." விசிறியைக் கை மாற்றிக்கொண்டார். "மார்ச்லேருந்து நான்தான் வீசறேன். பாதியில காத்து நின்னுதானே அன்னிக்கு... அப்புறம் ஃபேன் தானா சுத்த ஆரம்பிச்சுது. சரி, யாரோ இரக்கப்பட்டுட்டாங்கன்னு நெனைச்சேன். நீதான்னு இப்போ தெரியுது. யார் குடுத்தா என்ன? படுத்திருக்கறவருக்குக் காத்து வரணும்."

நாங்கள் கணக்குப் போட்டது முழுக்கத் தவறு. அவர் நம்பிக்கையை உடைத்துவிடுவோமோ என்றுதான் நானும் கணவரும் தவித்தோம். அந்த நம்பிக்கைக்கு ஒயர்களோடு சம்பந்தமே இல்லை. நான் பறித்தது அவருக்குக் கிடைத்திருந்த ஓய்வை. பெஹாலாவுக்கு அவர் போகாமல் இருந்ததற்குக் காரணமும் இதுதான். ஃபேன் சுற்றத் தொடங்கியபோது, இங்கே ஒரு ஏற்பாடு நடந்துவிட்டது, அதை விட்டுவிட்டுப் போவது நியாயமில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதற்கு முன் சரி என்று சொன்னாரே, அப்போது என்ன நினைத்திருந்தார் என்று கேட்டேன்.

"அப்போ கட்டிலையும் கூடக் கொண்டுபோறதா இருந்தேன்," என்றார். மகள் வீட்டில் இடமில்லை என்றுவிட்டாளாம்.

பிறகு அவரே பேச்சை மாற்றி, நீ ஏதோ எழுதி வைத்திருக்கிறாயாமே, எந்த ஜெனரேட்டர் மலிவு என்று கேட்டார். மேலே போய் நோட்டை எடுத்துவந்தேன். எங்களைப்போல மூன்று நான்கு சாமான் போடுகிறவர்களுக்கு லோடு ரேட். ஒரே ஒரு ஃபேனுக்கென்றால் பழைய கொட்டகைக்காரரின் பாயிண்ட் ரேட். மே மாதம் முழுக்க நான் எழுதிய எழுத்தில் ஒருவருக்கு உண்மையாகப் பயன்பட்டது அந்த ஒரு வரிதான்.

"ஒரு பாயிண்ட் போதும்," என்றார். "லைன் வர எவ்வளவு நேரம் ஆகும்னு போட்டிருக்கே?"

"சராசரி பதினொரு நிமிஷம், மாஷிமா."

"பதினொரு நிமிஷம் நான் வீசிக்கறேன்."

ஜூலை முதல் வாரம் மஞ்சள் ஒயர் கீழ்வீட்டுக்கு வந்தது. மேஷோமஷாய் போட்ட ஸ்விட்சைத் தொடக் கூடாது என்பதால், ஒயர்மேன் ஃபேனுக்குப் பக்கத்திலேயே இணைப்பை மாற்றி, எதிர்ச்சுவரில் புது ஸ்விட்ச் வைத்தார். எதற்காக இந்தச் சுற்றுவழி என்று அவர் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன்.

அன்றைக்கே நாலு மணிக்குக் கரண்ட் போயிற்று. மெயினை இறக்கிவிட்டு, லைன் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க முன்னறைக்குப் போனேன். ஃபேன் வேகம் குறைந்து, இறக்கைகள் தனித்தனியாகத் தெரிந்து, நின்றது. மாஷிமா விசிறியை எடுத்தார். ஓலையின் சத்தம் மட்டும் இருந்தது. தொலைவில் ஜெனரேட்டர் இருமி, பிடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. தலைக்கு மேல் இறக்கை அசைந்தது. மாஷிமா விசிறியை மடியில் வைத்துக்கொண்டு, வலது தோளை இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டார். பூஜைக்கு மகளைத்தான் இங்கே வரச் சொல்ல வேண்டும் என்றார்.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, ஏன் நிற்கிறாய், உட்கார் என்றார். அறையில் ஒரே நாற்காலி, அதில் அவர் இருந்தார். மற்றபடி உட்காரக் கட்டில்தான் இருந்தது. விரிப்பின் ஓரம் மெதுவாக எழுந்து எழுந்து படிந்தது.

பரவாயில்லை மாஷிமா, நிற்கிறேன் என்றேன்.